பெரிய கிழங்கை வாங்காதே

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவுக்கு முட்டிவலி மட்டும் சொந்தக்காரன் மாதிரி வந்து உட்கார்ந்துகொண்டு போகமாட்டேன் என்கிறது. நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தியும் அங்கே நன்றாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியிலேயே வேலை இருக்கும்மா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், எழுத்துப் பிழையைப் பார்க்காதே, விஷயத்தைப் பார். கண்டுபிடித்துவிட்டேனடி!

அன்றைக்கு நீ உன் மாமியார் வீட்டார் எல்லோரையும் கூப்பிட்டு சேப்பங்கிழங்கு வறுத்துப் போட்டு, எல்லோருக்கும் வாய் அரித்து, உன் கொழுந்தன் “என்ன அண்ணி, விஷம் கிஷம் வச்சிட்டீங்களா” என்று கேட்டானே, அந்த விஷயம்தான். கல்யாணத்துக்கு முன்னால் நம் வீட்டில் இதே கிழங்கை மூன்று தரம் கேட்டு வாங்கித் தின்றவன் அவன், எண்ணெய்க் கையை என் புதுத் துண்டில் துடைத்தவன், நான் ஒன்றையும் மறக்கவில்லை. அதிலிருந்து உன் மாமியார் “நீ உக்காரும்மா, நான் பாத்துக்கறேன்” என்று உன்னை அடுப்புப் பக்கமே விடுவதில்லை, பேத்தி பிறந்தநாளுக்கும் ஓட்டலில் சொல்லிவிடலாம் என்கிறார்கள், நீயும் இனிமேல் கரண்டியே தொடமாட்டேன் என்று அழுதாய். நீ சொன்ன மாதிரிதான்மா செஞ்சேன் என்றாய் பார், அது எனக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது, என் கைப்பக்குவத்தின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

நம் மார்க்கெட் முனையில் வேறு நாட்டுக்காரி ஒருத்தி புதிதாகக் கடை போட்டிருக்கிறாள், முழுக்கக் கிழங்குதான். ஒன்று தேங்காய் மாதிரி நார் மூடியிருக்கிறது, ஒன்றை வெட்டினால் உள்ளே ஊதா, ஒன்று ஆள் முழங்கை நீளம். அங்கே போய், நீ அன்றைக்கு வாங்கியதாகச் சொன்ன மாதிரியே குழந்தைத் தலை அளவில் ஒரு சேப்பங்கிழங்கைப் பார்த்து எடுத்தேன். வெடுக்கென்று பிடுங்கி வைத்துவிட்டாள்! எனக்குக் கோபமான கோபம். அவள் தொண்டையைச் சொறிந்து காட்டி, நாக்கை நீட்டி, “பெருசு அரிப்பு, சின்னது வறுக்க” என்றாள். அப்போதுதான் எனக்குப் பளிச்சென்றது. நம் வீட்டில் நான் என்றைக்கும் அந்தப் பெரிய நடுக்கிழங்கை வாங்கியதே இல்லை, அதைச் சுற்றி விளைகிற குட்டிகளைத்தான் பொறுக்குவேன். உனக்குச் சமைக்கச் சொல்லிக் கொடுத்தேனே தவிர மார்க்கெட்டுக்கு ஒரு நாள் கூட்டிப்போகவில்லை, நீ பெரிதாக, பார்வையாக இருப்பதை வாங்கிவிட்டாய்.

விட்டேனா, இரண்டையும் வாங்கிவந்து ஒரே புளி, ஒரே எண்ணெயில் வறுத்தேன். பெரியதைக் கடித்த அப்பா “என்னை வச்சா சோதனை பண்ற” என்று சொம்புத் தண்ணீரையும் குடித்தார், குட்டியைச் சத்தம் போடாமல் காலி செய்துவிட்டார். பெரியதை அந்தக் கடைக்காரி ஊரில் நெடுநேரம் வேகவிட்டு மசித்து, தேங்காய்ப்பாலும் வெல்லமும் விட்டுச் சாப்பிடுவார்களாம், கையாலேயே காட்டினாள். கிழங்கில் வெல்லமா என்று முகம் சுளித்தேன், செய்து பார்த்து இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன், இதை அவளிடம் சொல்லவில்லை. பேத்திக்குச் செய்து கொடு, விரலை நக்குவாள்.

ஆகையால் ஓட்டலும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், பிறந்தநாளுக்கு நீயே வறுக்கிறாய். முட்டை அளவுக் குட்டியாகப் பொறுக்கு, முந்தினநாளே ஒன்றை வறுத்து மாப்பிள்ளைக்குக் கொடுத்துப் பார். மாமியாரை மரியாதையாக உட்காரவைத்து, இன்றைக்கு நீங்க உக்காருங்க அத்தை என்று சொல். முதல் தட்டு கொழுந்தனுக்கு. அவன் மூன்றாம் தரம் தட்டை நீட்டும்போது, இன்னும் கொஞ்சம் விஷம் போடட்டுமா தம்பி என்று கேள். சிரித்துக்கொண்டே கேள், உறவு முக்கியம். அவன் முகம் போன போக்கை மட்டும் எனக்கு விவரமாக எழுது.

பேத்தி நூறு வயசு நன்றாக இருக்கட்டும், உன் கை மணக்கட்டும். பச்சையாகத் தோல் சீவினால் கையில் எண்ணெய் தடவிக்கொள், மறந்துவிடாதே. கை துடைக்கப் பழைய துண்டாகப் போட்டு வை.

ஆசீர்வாதத்துடன்,
உன் அம்மா