பழியெல்லாம் லென்ஸ் மேல்

ஜூன் 2, ஞாயிறு

வீட்டோடு ஒட்டின பட்டறைக்கு லீவு. பின்பக்கத்து வேலிகாத்தான் செடியில் கொம்புப் பூச்சி ஒன்று குடியேறியிருக்கிறது. அரிசிமணி அளவுதான். தலையில் மட்டும் எருமைக்கடா மாதிரி ரெண்டு கொம்பு. அதன் நிஜப் பெயர் எனக்குத் தெரியாது, நஜீர் என்கிற என் பெயர் அதற்குத் தெரியாது, கணக்கு சரி. அதன் முகத்தை, கண் பளிச்சென்று தெரிகிற மாதிரி, ஒரே ஒரு படம் எடுக்க வேண்டும். ஐம்பத்தொரு வயசில் ஒரு பைக் மெக்கானிக்குக்கு இருக்கிற லட்சியம் இவ்வளவுதான்.

லென்ஸ் முன்னால் பூதக்கண்ணாடி மாட்டி எடுத்தேன். மார்கழிப் பனியில் ஏதோ நடந்து போகிற மாதிரி வந்தது. குணசேகரனுக்கு அனுப்பினேன். அரக்கோணத்தில் ரயில்வேயில் இருக்கிறவன். பூச்சிப் படத்தில் எனக்குக் குரு என்று தானே சொல்லிக்கொள்கிறவன். "இன்னா பாய், மேகமா?" என்று பதில் போட்டான்.

ஜூன் 9, ஞாயிறு

பழைய ஃபிலிம் கேமராவின் ஐம்பது எம்.எம். லென்ஸைத் திருப்பி, பின்பக்கம் பூச்சியைப் பார்க்கிற மாதிரி மாட்டச் சொன்னான் குணா. முப்பது வருஷமாக வண்டியில் எதைத் திருப்பி மாட்டினாலும் கஸ்டமர் அடிக்க வருவான். இங்கே அதுக்குப் பேர் டெக்னிக்காம். லேத்தில் ஒரு வளையம் கடைந்து மாட்டிவிட்டேன். பூச்சி பெரிசாகத்தான் தெரிந்தது. கண் மட்டும் தெளியவில்லை. பழைய லென்ஸ், உள்ளே பூஞ்சை இருக்கும்.

ஒரு விஷயம். வீட்டில் டீ இப்போதெல்லாம் அரை டம்ளர்தான் வருகிறது. அஸ்கரி ஏதோ சிக்கனத் திட்டம் கொண்டுவந்திருக்கிறாள் போல. என்னிடம் சொல்லவில்லை. வீட்டுக்காரனிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?

ஜூன் 17, திங்கள்

பக்ரீத். பிரியாணி பளிச்சென்று இருந்தது. படம் இல்லை.

ஜூன் 23, ஞாயிறு

லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் வெறும் குழாய். உள்ளே கண்ணாடிகூட கிடையாது, காற்றுதான். அதையும் ஒருத்தன் பெட்டியில் போட்டு விற்கிறான், அதையும் இன்னொருத்தன் வாங்குகிறான். அந்த இன்னொருத்தன் நான்.

குழாய் மாட்டினால் மூணு மடங்கு பெரிசாகத் தெரிகிறது. ஆனால் தெளிவாக விழுகிற இடம் முடி தடிமன்தான். மூச்சு விட்டால் கண் போய்க் கொம்பு வருகிறது. இன்னொரு மூச்சில் கொம்பும் போய் இலை வருகிறது. லென்ஸ் வாயை நன்றாகச் சுருக்கினால் தெளிவு தடிமனாகும் என்றான் குணா. சுருக்கினேன். மொத்தமும் ஒரே மாதிரி மங்கலாக வந்தது. அதில் பாரபட்சம் கிடையாது.

ரயில் போகும்போது தரை ஆடுகிறது. அதுதான் காரணம். ரயில் பாதை எங்கே, பட்டறை எங்கே என்று கேட்டாள் அஸ்கரி. கேட்டது உருதுவில். எங்கள் வீட்டில் கிண்டலும் திட்டும் உருதுவில்தான். தமிழ் முக்கியமான சமாச்சாரத்துக்கு மட்டும்.

ஜூலை 7, ஞாயிறு

இன்று அடுக்குப் படம். கேமராவை முடி முடியாக நகர்த்தி நாற்பது படம் எடுத்தால், எல்லாவற்றிலும் தெளிவான இடத்தை மட்டும் பொறுக்கி கம்ப்யூட்டர் ஒன்றாக்கிவிடும். நகர்த்துவதற்கு லேத்துக்காரர் தூக்கிப்போட்ட, திருகினால் நகர்கிற ஸ்லைடு ஒன்றைத் துடைத்து எண்ணெய் விட்டு வைத்தேன். காற்றில் ஆடுமே என்று கிளையை வெட்டிச் சமையலறை மேடைக்கே கொண்டுவந்துவிட்டேன்.

திருகைத் திருப்பும்போதெல்லாம் படம் குதிக்கிறது. கம்ப்யூட்டர் பொறுக்கி அடுக்கியதில் பூச்சிக்கு அஞ்சு கொம்பு, நாலு கண். போதாததற்கு இந்தப் பூச்சி விடுகிற இனிப்புத் தண்ணிக்காகக் கூடவே எறும்புப் பட்டாளம் ஒன்று திரியும். அது கிளையோடு வீட்டுக்குள் வந்து சர்க்கரை டப்பாவைக் கண்டுபிடித்துவிட்டது. கிளையைப் பூச்சியோடு வேலிச் செடியிலேயே கொண்டுபோய்ச் செருகும் வரை அஸ்கரி பேசியதெல்லாம் உருது.

ஸ்லைடில் பல் தேய்ந்திருக்கிறது. வேறென்ன.

ஜூலை 14, ஞாயிறு

குணா அவனுடைய அஞ்சு மடங்கு லென்ஸைத் தூக்கிக்கொண்டு ரயிலேறி வந்தான். குழந்தையை எடுத்துவருகிற மாதிரி துண்டில் சுத்தி. ஃப்ளாஷ் முன்னால் இட்லி பார்சல் கவரை ஒட்டியிருந்தான், வெளிச்சம் மெத்தென்று விழ. இவ்வளவு விலை லென்ஸுக்கு இட்லி கவர்.

ஸ்டாண்டு இல்லாமல் கையில் பிடித்தே எடுத்தான். கண், கண்ணில் இருக்கிற புள்ளி, கொம்பில் முடி — எல்லாம் இருந்தது. பிறகு என்னிடம் கொடுத்தான். அதே லென்ஸ், அதே வெயில், அதே பூச்சி. என் படத்தில் ஒன்றில் வால், ஒன்றில் முள், ஒன்றில் எங்கள் துணிக்கொடி.

குணா படத்தைப் பார்க்கவில்லை. என் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். லென்ஸ் எப்படி என்று கேட்டேன். "ஆங்... நல்லாத்தான் கீது பாய்" என்று ரொம்ப நேரம் துடைத்தான்.

அவன் லென்ஸும் எனக்கு ஒத்துவரவில்லை.

ஜூலை 29, திங்கள்

ஆடிக் கிருத்திகை. திருத்தணி ஊரெல்லாம் காவடி. மலையடிவாரம் வரை வண்டியைச் சாகடித்துக்கொண்டு வந்து, அப்புறம் என்னிடம் வருவார்கள். நகரியிலிருந்து ஒரு குடும்பம், நாலு பேர் ஒரே பைக்கில், கிளட்ச் வயர் அறுந்து நின்றுகொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு மாட்டுகிற வேலை.

வயர் முனை ஓட்டைக்குள் போகமாட்டேன்னுது. ஓட்டை இங்க இருக்குது, வயர் அங்க போவுது. அந்தக் குழந்தை வேற மொட்டைத் தலையோட என்னையே பாத்துகினு இருக்குது. நான் வயரைத் திட்டினேன். கம்பெனியைத் திட்டினேன். பதினெட்டு வருஷமாக என்னோடு வேலை செய்கிற பிரேம்குமார் என் கையிலேர்ந்து வயரை வாங்கிகினான். ஒரே தடவையில் மாட்டினான். அப்புறம் டீ சொல்லவா அண்ணே என்று கேட்டான், ஒண்ணுமே நடக்காத மாதிரி.

வயருக்கு லென்ஸ் இல்லையே. இதுக்கு யாரைச் சொல்றது?

ஆகஸ்ட் 3, சனி

அரை டம்ளர் டீ வந்தது. கடுப்பில், இந்த வீட்டில் பால் பஞ்சமா என்று கத்தினேன். அஸ்கரி டம்ளரை மேடையில் வைத்தாள். பிறகு தமிழில் சொன்னாள்.

"முழுசா ஊத்தினா உங்க கையில சிந்துதுங்க. ரம்ஜான்லேர்ந்து பாத்துகினுதான் இருக்கேன். கேட்டா கோவப்படுவீங்கன்னு பாதி ஊத்தறேன்."

நான் ரெண்டு மாசமா முடி தடிமனைத் தேடிகினு இருந்தேன். அவ ஒரு டம்ளரை வெச்சிப் பாத்துட்டா.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

சென்னையில் டாக்டர். நத்தை ஓடு மாதிரி சுழி வரையச் சொன்னார். திருப்பதி மலை ரோடு மாதிரி வந்தது. நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார். நடுக்குவாதம், இப்போதுதான் ஆரம்பம், மாத்திரை போட்டால் வருஷக்கணக்கில் வேலை பார்க்கலாம் என்றார். எந்த வேலை என்று அவர் கேட்கவில்லை. கிளட்ச் வயர் என்று நானும் சொல்லவில்லை.

பயமா இருக்குது. இதுக்கு மேல எழுத ஒண்ணும் இல்ல. இந்தக் கை போனா நான் யாரு? பட்டறை போர்டுல பேரு மட்டும் இருக்கும்.

ரயிலில் அஸ்கரி என் வலது கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள், திருத்தணி வரை. பார்க்கிறவர்கள் புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் என்று நினைத்திருப்பார்கள்.

செப்டம்பர் 1, ஞாயிறு

கேமராவை விற்றுவிடுகிறேன், ஆள் பார் என்று குணாவிடம் சொன்னேன். ஆங் என்றான். பார்க்கமாட்டான். தெரியும்.

செப்டம்பர் 22, ஞாயிறு

மாத்திரை கொஞ்சம் கேட்கிறது. முழுசாகக் கேட்கவில்லை.

விற்பதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை என்று திருப்பி மாட்டிய அந்தப் பழைய ஐம்பதையே எடுத்துக்கொண்டு வேலிப்பக்கம் போனேன். என்னைக் கண்டதும் பூச்சி வழக்கம்போலக் குச்சிக்கு அந்தப் பக்கம் நழுவியது. டீயோடு வந்த அஸ்கரியிடம் குச்சியை அசையாமல் பிடிக்கச் சொன்னேன். முள், முள் என்று திட்டிக்கொண்டே (உருது) பிடித்தாள்.

கை வலித்தது. கேமரா மூக்கைக் கொஞ்சம் இறக்கி வைக்கலாம் என்று அவள் மணிக்கட்டு மேல் வைத்தேன். என் கை ஆடியது. அவள் மணிக்கட்டும் ஆடியது. அவள் விரலில் குச்சி, குச்சியில் பூச்சி, எல்லாம் சேர்ந்து ஆடியது. கேமராவில் பார்க்கிறேன் — பூச்சி நின்ற இடத்தில் நிற்கிறது. கொம்பும் போகவில்லை, இலையும் வரவில்லை. கண்.

இவ்வளவு நாள் ஆட்டத்தை நிறுத்தப் பார்த்திருக்கிறேன். முட்டாள். மெக்கானிக்குக்கு இது தெரிய வேண்டாமா? பைக் எவ்வளவு ஆடினாலும் அதுமேல் உட்கார்ந்திருக்கிறவனுக்கு டேங்க் அதே இடத்தில்தானே இருக்கிறது.

பட்டனை அமுக்கினேன். இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. என் கண் சரியில்லாமல் இருந்தது.

அக்டோபர் 6, ஞாயிறு

குணா அந்தப் படத்தைப் பூச்சிப் படக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான். எந்த லென்ஸ், எந்த ஸ்டாண்டு என்று ஸ்ரீதர் என்று ஒருத்தர் கேட்டிருந்தார். லென்ஸ் பழைய ஐம்பது, திருப்பிப் போட்டது என்று எழுதினேன். ஸ்டாண்டு கடையில் கிடைக்காது, கொஞ்சம் திட்டும் என்று எழுதினேன். சிரிப்புப் பொம்மையாகக் கொட்டினார்கள். ஜோக் என்று நினைத்துவிட்டார்கள்.

பட்டறையில் வயர் வேலை பிரேம்குமாருக்கு, எஞ்சின் சத்தம் கேட்டு நோயைச் சொல்கிற வேலை எனக்கு. இப்போதைக்கு.

சாயங்காலம் டீயை முழு டம்ளர் ஊற்றச் சொன்னேன். ஒரு தடவை பார்த்துவிட்டு ஊற்றினாள். எடுக்கும்போது டம்ளருக்கு அடியில் அவளும் கை வைத்தாள். கொஞ்சம் சிந்தியது, ரெண்டு பேர் கையிலும். சூடாகத்தான் இருந்தது.