முதலில் வரும் வீடு

அவ்வாவுக்கு சுமங்கலா வணங்கி எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

நாம் இருவரும் இங்கே சேர்ந்து இருக்க நீ செல்போனில் தேடிப் பிடித்த பசவனகுடி வீடு, ஒரு நாள் தாமதத்தால் கைநழுவிவிட்டதாக வருந்தியிருக்கிறாய். நீ தாமதிக்கவில்லை அவ்வா. அது போன தீபாவளிக்கே வாடகைக்குப் போய்விட்டது. அந்த விளம்பரத்தை எழுதியவளே நான்தான். தேடுகிறவர்களுக்கு முதலில் வருவது அந்தப் பக்கம் என்பதால், எங்கள் வீட்டுத் தரகு அலுவலகத்தின் இணையதளத்திலிருந்து அதை எடுக்காமல் வைத்திருக்கிறார்கள்.

இன்று முதலாளி நிரஞ்சனிடம் போய்க் கேட்டேன்.

"என்னைப் பெத்த அவ்வாவையே ஏமாத்திட்டீங்களே சார்."

"அதை எடுத்தா தேடுறப்போ நாம பத்தாவது இடத்துக்குப் போயிடுவோம் சுமங்கலா. ஆள் வந்தாத்தானே வேற வீட்டைக் காட்ட முடியும்?" என்று சிரித்தார்.

"அப்போ உங்க அம்மாவையும் அந்த வீட்டைக் கேட்டு போன் பண்ணச் சொல்லுங்க. 'இப்பதாம்மா போச்சு'ன்னு நானே சொல்றேன்."

சிரிப்பு நின்றது. வேலை போகவில்லை, கவலைப்படாதே. அந்தப் பக்கமும் போகவில்லை.

விடுதியில் சாப்பாட்டு மணி அடித்துவிட்டார்கள். இங்கே வரப் பெட்டி கட்டியிருந்தால் பிரித்துவிடு. ஹூப்ளி பஸ்ஸில் கடலைச் சட்னிப்பொடி மட்டும் கொடுத்தனுப்பு. ஒருத்திக்கு ஆகிற அளவு போதும்.

சுமங்கலா