விக்ரோரியாவுக்காகப் போட்ட ஊசி

கிரின்ஸ்டெட்
ஒக்டோபர் மாதம், ஞாயிறு பின்னேரம்

அன்புள்ள மகள் கிருபாஷினிக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், என் இருமலைத் தவிர. அதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கடிதம் எழுதக் காரணமே அந்த இருமல்தான். உகண்டாவில் நீயும் உன் பொறுப்பில் இருக்கிற சிம்பன்சிகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறோம். போனில் சொன்னால் காட்டில் சிக்னல் போய்விட்டது என்பாய், தாளில் எழுதினால் அப்படிச் சொல்ல முடியாது.

மூன்று வருடமாக நீ வீட்டுக்கு வரவில்லை. பிள்ளை வராவிட்டால் பெற்றவன் போகட்டும் என்று நானே தை மாதம் அங்கே வரத் தீர்மானித்தேன். அதற்கு நீ அனுப்பிய பதிலை அம்மா சிரித்துச் சிரித்து வாசித்துக் காட்டினாள். இருமலோடு வந்தால் காட்டுக்குள் விடமாட்டார்கள், தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், முகக்கவசம் கட்ட வேண்டும், சிம்பன்சியிலிருந்து பத்து மீற்றர் தள்ளி நிற்க வேண்டும், சாப்பாடு எதுவும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. உன்னைத் தோளில் தூக்கித் திரிந்த என்னைப் பார்த்து, நீ சுத்தமில்லை, வெளியே நில் என்று ஒரு காடு சொல்கிறது. ஓகூஸ் நகரத்தில் இருக்கிற உன் தம்பி ஜெனோஷனுக்குப் போன் எடுத்து முறையிட்டேன். அவன் வழக்கம்போல டேனிஷில், ஆறுதலாய் இருங்கோ அப்பா என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

நான் விஷயம் தெரியாமல் கோபிக்கிறவன் இல்லை. என் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு நின்றது, வாசிப்பு நிற்கவில்லை. நூலகத்துக்குப் போய் சிம்பன்சிகளைப் பற்றி டேனிஷில் இருந்த தடித்த புத்தகத்தை எடுத்து அகராதியோடு வாசித்தேன். சிம்பன்சியை அருகிவரும் இனம் என்று வைத்திருக்கிறார்கள், மேற்கு ஆபிரிக்காவில் இருப்பவை மிகவும் மோசமான நிலையில் இருக்கின்றன. ஒரு பிள்ளை பெற்றால் அடுத்ததற்கு ஐந்தாறு வருடம் ஆகிறது, அதற்குள் மனிதன் பன்றிக்கு வைத்த கம்பிக் கண்ணியில் இதுகளின் கை போகிறது. நீ அனுப்பிய படத்தில் விக்ரோரியா என்கிற அந்தத் தாயும் இடக்கை விரல் இல்லாமல்தானே குட்டியை அணைத்துக்கொண்டிருக்கிறாள். மனிதனின் சாதாரணத் தடிமன், இந்தச் சளியும் இருமலும், அதுகளுக்கு மரணமாகலாம் என்றும் அதிலேயே போட்டிருந்தது. காட்டைத் தோட்டங்களும் றோட்டுகளும் துண்டு துண்டாக வெட்டுவதால் ஒரு கூட்டத்துப் பெண் இன்னொரு கூட்டத்துக்குப் போக வழியில்லையாம். கிரின்ஸ்டெட்டிலும் நிலைமை அதுதான். தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் பிரெடெரிசியாவுக்கும் ஓகூஸுக்கும் போய்விட்டன, மிஞ்சியது நாங்களும் எதிர்த்தெரு வீடும்தான். எங்களை எந்தப் பட்டியலில் போட்டிருக்கிறார்கள் என்று உன் அலுவலகத்தில் விசாரி. இன்னொன்று, சிம்பன்சிகள் ஆண் பெண் என்றில்லாமல் ஒவ்வொரு மாலையும் தங்கள் படுக்கையைத் தாங்களே போட்டுக்கொள்ளும் என்ற பக்கத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டியது என் பிழை. இப்போது என் கட்டிலை நானே விரிக்கிறேன்.

போனதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை பிரெடெரிசியாவில் தங்கமலர் அக்கா வீட்டில் ஜெபக்கூட்டம். பிள்ளைகளுக்காக ஜெபிக்கும் நேரத்தில் அவ கண்ணை மூடிக்கொண்டு, ஆண்டவரே, எங்கட கிருபாஷினியை அந்தக் குரங்குகளின்ர கையில இருந்து மீட்டுத் தாரும் என்று உருகினா. எல்லாரும் ஆமென் சொன்னார்கள், நான் சொல்லவில்லை. பாஸ்டர் கண்ணைத் திறந்து, என்ன செல்லத்துரை அண்ணை, ஆமென் வரேல்லை என்று கேட்டார். அது குரங்கில்லை பாஸ்டர், வாலில்லை, பிழையான விண்ணப்பத்துக்கு நான் ஆமென் சொல்ல மாட்டன், அவளை மீட்க வேண்டாம், அந்தக் கண்ணிக் கம்பியை எடுத்துவிடச் சொல்லி ஜெபியுங்கோ என்றேன். அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். எழும்பி நின்ற நான் புத்தகத்தில் வாசித்தது முழுவதையும் சொல்லி முடித்துத்தான் உட்கார்ந்தேன், அடுப்படியில் இடியப்பம் ஆறியது. கடைசியில் பாஸ்டர் கம்பியையும் காட்டையும் சேர்த்து ஜெபித்தார், ஆமென் சொன்னேன். சொன்ன கையோடு எனக்கு இருமல் பிடித்துக்கொண்டது. தங்கமலர் அக்கா விடுவாவா? அண்ணை, உங்கட இருமலுக்கும் ஒருக்கா ஜெபிப்பமோ, இல்லை அதுக்கும் நாங்கள் சொல்லுற பேர் பிழையோ என்று கேட்டா. சபை முழுவதும் சிரித்தது.

வருடாவருடம் குளிர் தொடங்க வைத்தியர் கூப்பிட்டும், நீ அழுதும் போடாத சளிக்காய்ச்சல் ஊசியைப் பிறகு வந்த திங்கட்கிழமை போய்ப் போட்டேன். இவ்வளவு காலமும் மறுத்துவிட்டு இப்போது ஏன் என்று தாதிப் பிள்ளை கேட்டாள். ஆபிரிக்காவில் ஒருத்திக்குக் கைக்குழந்தை இருக்கிறது, என்னுடைய தடிமன் தொற்றக் கூடாது என்றேன். அவள் என் கையைப் பிடித்து, பேரப்பிள்ளை கிடைத்ததற்கு வாழ்த்துகள் என்றாள். நான் திருத்தவில்லை, ஊசி அதற்குள் ஏறிவிட்டது. இருமல் இப்போது பாதி குறைந்திருக்கிறது. முகக்கவசம் கட்டிப் பழகுவதற்காக வீட்டுக்குள்ளும் கட்டிக்கொண்டு இருக்கிறேன், அம்மா இந்த அமைதி நல்லாயிருக்கு, தை மாதம் வரைக்கும் கழட்டாதேங்கோ என்கிறாள். உனக்காக நான் ஊசி போட்டதாக யாருக்கும் சொல்லித் திரியாதே. விக்ரோரியாவின் பிள்ளைக்காகத்தான் போட்டேன், நீ மூன்று வருடம் வராமல் இருந்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கொதிக்க வைத்த தண்ணீரையே குடி, தனியாகக் காட்டுக்குள் போகாதே. கண்ணி வைக்கிறவனோடு நீ போய்ச் சண்டை பிடிக்காதே, அந்தக் குணம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று அம்மா கேட்கிறாள். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, அந்தக் காட்டில் கை வைக்கிறவர்களுக்கு நல்ல புத்தி கொடுப்பாராக. அம்மாவின் முத்தங்கள்.

பயணச்சீட்டு எடுக்க முன் ஒரு விஷயம் எனக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும், மறக்காமல் பதில் எழுது. அந்தப் பத்து மீற்றர் விக்ரோரியாவுக்கு மட்டுமா, உனக்கும் சேர்த்தா? உனக்கும் என்றால் நான் வரமாட்டேன்.

இப்படிக்கு,
முகக்கவசத்துடன் உன் அப்பா,
செல்லத்துரை