துணி காயப்போட ஓர் இடம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் பெரிதாக ஒரு குறையும் சொல்ல முடியாத உடம்போடு இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அதே மாதிரி இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவைத் திறந்தேன். அம்மாவின் முழங்கால் மட்டும் படிக்கட்டைப் பார்த்தால் முறைத்துக்கொள்கிறது, சமதரையில் சமாதானமாக இருக்கிறது. உன் அண்ணன் மகளுக்கு முன்பல் இரண்டும் ஒரே வாரத்தில் விழுந்துவிட்டன, அன்றிலிருந்து அவள் யாரிடமும் வாயைத் திறப்பதில்லை, எது கேட்டாலும் மேலதிகாரி மாதிரி தலையை மட்டும் ஆட்டுகிறாள். ஞாயிறுதோறும் போனில் பேசுகிறோமே, இப்போது கடிதம் எதற்கு என்று நீ யோசிப்பாய். போனில் அம்மா கையிலிருந்து அது என் கைக்கு வருவதற்குள் உனக்கு வேலைக்கு நேரமாகிவிடுகிறது, தவிர இது முழுசாகச் சொல்லவேண்டிய விஷயம், பாதியில் நிறுத்தினால் கெட்டுப்போகும். இன்னொன்று, சில விஷயங்களை எழுதினால்தான் எனக்குச் சொல்ல வரும், உனக்குத் தெரியாததா.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன முறை நீ வந்திருந்தபோது சமையலறையில் நின்று பாட்டில்களையும் பிளாஸ்டிக் கவர்களையும் பிரித்து வைத்து, இதையெல்லாம் தனித்தனியாகப் போடுங்கள் அப்பா என்று சொன்னாய். சித்தப்பாவும் சித்தியும் உட்கார்ந்திருந்தார்கள், எனக்கு என்ன தோன்றியதோ, "நீ பறந்து வந்த விமானம் விட்ட புகையைச் சரிக்கட்ட இந்த மாதிரி எத்தனை பாட்டில் வேணும்?" என்று கேட்டேன். சித்தப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். நீ பிரித்ததையெல்லாம் திரும்ப ஒரே பைக்குள் போட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டாய். அன்றைக்கு என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். அது சாமர்த்தியம் இல்லை, பிள்ளையை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைத்தது என்று புரிய எனக்கு எட்டு மாதம் ஆகியிருக்கிறது, அதையும் ஒரு பஸ் டிரைவர் வந்துதான் புரியவைக்க வேண்டியிருந்தது.

நம் கட்டடத்தில் நான்காவது மாடிக்கு, லிஃப்டுக்கு எதிர்வீட்டுக்கு, ஒரு அம்மாள் குடிவந்திருக்கிறார். டவுன் பஸ் ஓட்டுகிறார். கணவருக்கு வேறு ஊரில் வேலை, இரண்டு பெண்களைப் பள்ளியில் சேர்த்துவிட்டு அவரே பார்த்துக்கொள்கிறார். எல்லோரும் டிரைவரம்மா என்கிறோம். வந்த மறுநாளே பால்கனியில் கயிறு கட்டித் துணி காயப்போட்டார். நம் கட்டடத்து விதி உனக்குத் தெரியும், துணியெல்லாம் கீழ்த்தளத்தில் இருக்கும் உலர்த்தும் மெஷினில், டிரையரில்தான், வெளியே ஒரு கைக்குட்டைகூடத் தெரியக்கூடாது. குடியிருப்போர் சங்கத் தலைவர் நம் பேராசிரியர்தானே, சாயங்காலம் நடந்துவிட்டு வந்தவர் கேட்டிலேயே நின்று அண்ணாந்து பார்த்து, "நம்ம பில்டிங் மூஞ்சியே போச்சு சார்" என்றார். அவரைச் சும்மா சொல்லக்கூடாது, குப்பையைப் பிரித்துப் போடுவதில் இந்தத் தெருவிலேயே முதல் ஆள், கடைக்குத் துணிப்பை இல்லாமல் போகமாட்டார், வெட்ட வந்த மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றவர். ஆனால் ஈரத் துணியைப் பார்த்தால் மட்டும் மனுஷருக்கு ஆகாது. செயலாளர் நான், ஆகவே நோட்டீஸ் எழுதி நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். டிரைவரம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு நின்றபடியே படித்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "சார், இதுல வெயில் தப்பா, என் துணி தப்பா?" என்று மட்டும் கேட்டார். விதி என்று ஏதோ முனகிவிட்டு லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படியில் இறங்கி வந்தேன்.

அவர் கயிற்றை அவிழ்க்கவில்லை. இரண்டு வாரம் கழித்து இரண்டாவது நோட்டீஸும் என் கையாலேயே போயிற்று. அதில், மூன்றாவது தடவை எழுத நேர்ந்தால் வீட்டுச் சொந்தக்காரருக்கு எழுதிக் காலி செய்யச் சொல்வோம் என்று ஒரு வரி சேர்த்திருந்தது. அந்தப் பெண்கள் இரண்டும் பள்ளியில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்த வரியைத் தட்டச்சு செய்தபோது என் கை கூசியது, ஆனாலும் செய்தேன், அதையும் மறைக்காமல் உனக்குச் சொல்கிறேன். அவர் படித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "நீங்க கரண்ட் ஆபீஸ்ல மீட்டர் படிச்சவர்னு சொன்னாங்க, கீழ இருக்கிற டிரையர் ரூம் மீட்டரை எனக்குப் பாக்கக் காட்டுவீங்களா?" என்றார். முப்பத்தோரு வருடம் வீடு வீடாகப் போய் மீட்டர் படித்தவனிடம் ஒருவர் முதல்முறையாக மீட்டரைக் காட்டச் சொல்கிறார், எப்படி மாட்டேன் என்பது. இருவருமாகக் கீழே போனோம். அன்று அதையும் பக்கத்திலிருந்த பொது மீட்டரையும் குறித்துவைத்து, சரியாக ஒரு வாரம் கழித்துத் திரும்பவும் பார்த்தோம். லிஃப்ட், தண்ணீர் மோட்டார், படிக்கட்டு விளக்கு எல்லாம் சேர்ந்து இழுக்கும் யூனிட்டைவிட அந்த நான்கு டிரையர்களும் இழுப்பது அதிகம். நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன், கண்ணாடியைத் துடைத்துவிட்டும் பார்த்தேன். வேலையில் இருந்த காலமெல்லாம் எண்ணை எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவேன், அந்த எண்ணுக்குப் பின்னால் என்ன ஓடுகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது, உள்ளே நான்கு இயந்திரம் தடதடவென்று சுற்றிக்கொண்டிருந்தது, எனக்கு அந்த இடத்திலேயே வெட்கமாகிவிட்டது.

அதற்கப்புறம் அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. மொட்டை மாடியைத் திறந்துவிட்டால் பால்கனியில் போடவேண்டியதில்லை என்று வீடு வீடாகப் போய்க் கேட்டார், கதவைத் திறக்காமலே முடியாது என்று அனுப்பிவிடுகிறவர்கள் வீட்டுக்கு நானும் கூடப்போனேன். ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு ராகம். முதல் மாடித் தையற்காரம்மா, "பூமி சூடாகுதா குளுருதான்னு எனக்குத் தெரியாதுங்க, டிரையர்ல போட்டா எலாஸ்டிக் போயிடுது, அதுக்காக வரேன்" என்றார். நம் எதிர்வீட்டுக் கம்ப்யூட்டர் தம்பதி வீட்டில் இல்லை, ஆஹா அருமை என்று போனிலேயே கைதட்டினார்கள், கூட்டத்துக்கு மட்டும் வர நேரமில்லை. நம் கேட்டை ஒட்டியே கடை வைத்திருக்கும் மருந்துக்கடைக்காரர் சிரித்துவிட்டார், "நான் ஒருத்தன் பனியனை வெயில்ல போட்டா அங்க பனிமலை உருகாம நின்னுடுமா சார்? பெரிய பெரிய ஃபேக்டரிக்காரனைப் போய்க் கேளுங்க" என்றார். அவர் சொன்னதில் நியாயமே இல்லை என்றும் சொல்ல முடியாது. டிரைவரம்மா மல்லுக்கு நிற்கவில்லை, "அவங்களையும் கேக்கணும் சார், ஆனா அவங்க என் பஸ்ல ஏற மாட்டேங்கறாங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தபடி அடுத்த கதவைத் தட்டினார். நம் வீட்டில் அம்மா, என் கால் இருக்கிற நிலைமைக்கு மாடி ஏற முடியாதே என்று சங்கடப்பட்டாள். அதற்கு அவர், "நீங்க மெஷின்லயே போடுங்கம்மா, ஏற முடியாதவங்களுக்குத்தானே அது இருக்கு, ஏறக்கூடியவங்க ஏறட்டும்" என்றார். ஒருவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. நீ பேசும்போதும் சரியாகத்தான் பேசினாய் மகளே, குரல் மட்டும் கொஞ்சம் உயர்ந்திருந்தது, ஆனால் அதைச் சாக்காக வைத்துக்கொண்டு நான் உன்னைக் கேலி செய்திருக்கக் கூடாது.

கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நடந்தது. பேராசிரியர் காற்றையும் கடலையும் பற்றிக் கால்மணி நேரம் பேசினார், அவ்வளவு அழகாக, எனக்கே கண் கலங்கிவிட்டது. கடைசியில், "இருந்தாலும் விதி விதிதான், மாடிச் சுவர் தாழ்வு, யாராவது விழுந்தா யார் பொறுப்பு?" என்று முடித்தார். டிரைவரம்மா வேலையிலிருந்து நேராக யூனிஃபார்மோடு வந்திருந்தார். எழுந்து நின்று, "தலைவர் பேசினதை என் பொண்ணுங்க கேக்கணும், அவ்வளவு நல்லா இருந்துச்சு. நான் யாரையும் மாறச் சொல்லல, எனக்குத் துணி காயப்போட ஒரு இடம் வேணும், அவ்வளவுதான். சுவர் தாழ்வுதான், அளந்து பாத்தேன், ஓரத்துல கம்பி வலை அடிச்சுட்டு நடுவுல மட்டும் கயிறு கட்டலாம். கூட்டிப் பெருக்கற முறையை நானே முதல் மாசம் எடுத்துக்கறேன்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. பின்வரிசையில் யாரோ, மொட்டை மாடிச் சாவி எங்கே என்றார்கள். சாவி என் மேசை இழுப்பறையில் ஒன்பது வருடமாகக் கிடக்கிறது, ஒரு தடவை ஒழுகியதற்காகப் பூட்டினோம், ஒழுகலை அடைத்த பிறகும் திறக்கவில்லை, காரணம் கேட்டால் ஒன்றுமில்லை, சோம்பல். நான் எழுந்தேன். செயலாளர் பக்கம் சாரக்கூடாது என்று தெரியும், இருந்தாலும் மீட்டர் எண்ணைப் படித்தேன், சாவியின் கதையைச் சொன்னேன், அந்த இரண்டு நோட்டீஸையும் எழுதியது நான்தான், இரண்டும் எழுதியிருக்கக் கூடாதவை என்றும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

மாடியைத் திறக்கலாம் என்பவர்களை முதலில் கை தூக்கச் சொன்னார்கள். எண்ணியவர் பேராசிரியர்தான். பதினாறு, பதினேழு என்று வந்தவர் சட்டென்று நின்றார். அவர் பக்கத்து நாற்காலியில் அவருடைய மனைவியின் கை மேலே நின்றது, ஆடவில்லை, அசையவில்லை, பார்வை மட்டும் நேராகச் சுவரில் இருந்தது. பேராசிரியர் அந்தக் கையையும் எண்ணி, "பதினெட்டு" என்றார், குரல் ஒரு இழைகூடத் தளரவில்லை. திறக்கவேண்டாம் என்றவர்கள் பதினைந்து. முடிவை அவரே உரக்கப் படித்துக் கையெழுத்தும் போட்டார். தன் தோல்வியைத் தானே எண்ணிச் சொல்வது எல்லோராலும் ஆகிற காரியமா, எனக்கு அன்று அவர்மேலும் மரியாதை கூடிவிட்டது. அதோடு விடவில்லை, கம்பி வலை அடித்த அன்று மேலே வந்து, போர்வையும் துண்டும் வெளிப்பக்கக் கயிற்றில், உள்ளாடையெல்லாம் நடுக்கயிற்றில், அப்படிப் போட்டால் தெருவிலிருந்து எதுவும் தெரியாது என்று படம் வரைந்து காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள், டிரைவரம்மா மட்டும் சிரிக்காமல், இது நல்ல யோசனை சார் என்று அப்படியே செய்துவிட்டார்.

இப்போது நம் வீட்டுத் துணியை நான்தான் மேலே கொண்டுபோகிறேன். அறுபத்தெட்டு வயதில் முதல்முறையாகத் துணி உதறுகிறேன், சட்டையைத் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும், கிளிப்பைத் தோளில் குத்தக் கூடாது என்றெல்லாம் டிரைவரம்மாதான் சொல்லிக்கொடுத்தார். எல்லாரும் மாறிவிட்டார்கள் என்று நினைத்துவிடாதே. பாதி வீட்டுத் துணி இன்னும் கீழேதான் சுற்றுகிறது, சிலருக்கு நேரமில்லை, சிலருக்கு மனமில்லை, சிலருக்கு மேலே போட்டால் யார் பார்ப்பார்களோ என்று கூச்சம். மருந்துக்கடைக்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், பனிமலை எப்படி இருக்கு சார் என்று கேட்கிறார்.

நேற்று முன்தினம் பதினொரு மணி இருக்கும், நல்ல வெயிலில் திடீரென்று ஒரு இருட்டு. நான் மாடிக்கு ஓடுவதற்குள் தூறல் விழ ஆரம்பித்துவிட்டது. டிரைவரம்மா பஸ்ஸில், பெண்கள் பள்ளியில், மேலே ஆறேழு வீட்டுத் துணி, நான் ஒரே ஆள். எந்தக் கயிற்றில் ஆரம்பிப்பது என்று தெரியாமல் நான் தவித்துக்கொண்டிருந்தபோது படியில் தடதடவென்று சத்தம், பார்த்தால் மருந்துக்கடைக்காரர், கடையை அப்படியே விட்டுவிட்டு, சட்டைப் பையில் பேனாவோடு, மூச்சு வாங்க வந்து நிற்கிறார். அவர் வீட்டுத் துணி ஒன்றுகூட அங்கே இல்லை. "உங்க வெயிலை நம்பினா இப்படித்தான் சார்" என்று திட்டிக்கொண்டே இரண்டு கயிற்றை அவர் ஒருவரே காலி செய்தார். பிறகு படிக்கட்டு வளைவில் நனைந்தபடி நின்று யார் துணி எது என்று பிரித்தோம். டிரைவரம்மாவின் பெண்களுடைய சின்னச் சின்னக் காலுறைகளை அவர் ஜோடி பார்த்து மடித்துக்கொண்டே, "இதனால உலகம் ஒண்ணும் பொழைச்சுடப் போறதில்ல சார், ஆனா இந்தப் பொண்ணுங்களுக்கு நாளைக்கு ஸ்கூல் இருக்கே" என்றார். அவர் மடித்ததை வாங்கி நான் அடுக்கினேன்.

சரி, விரல் வலிக்கிறது. கழுத்துவலி என்றாயே, தலையணையை மாற்றினாயா, மாப்பிள்ளையிடம் சொல்லி மாற்று, நாளைக்கு நாளைக்கு என்று தள்ளாதே. அங்கே நீ குப்பையை எப்படிப் பிரிக்கிறாய், எதை எதில் போடுகிறாய் என்று ஒரு தாளில் எழுதி அனுப்பு, நம் சமையலறைக் கதவில் ஒட்டவேண்டும், இந்தத் தடவை யார் சிரித்தாலும் நான் சிரிக்கமாட்டேன். நீங்கள் இருவரும் உடல் நலமும் மன நிறைவுமாக, எடுத்த காரியம் கைகூடி, நீண்ட நாள் நன்றாக இருக்க எங்கள் இருவரின் ஆசியும் எப்போதும் உண்டு.

உன் அன்புள்ள,
அப்பா