குருத்து

பிப்ரவரி 12

அன்புள்ள அக்கா,

நலமாக இருக்கிறேன். பொய் இல்லை, இன்று நிஜமாகவே சாப்பிட்டேன். மறுபடி பாடம் எடுக்கப் போகத் தொடங்கிவிட்டேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எதுவும் கேட்கவில்லை. சத்தம் மட்டும் குறைவாகப் போடுகிறார்கள்.

ஐந்தாம் மாதத்தில் குழந்தை போனபோது நீ லீவு போட்டுவிட்டு ஓடிவந்து என் தலையைத் துவட்டிவிட்டதை மறக்க மாட்டேன். ஆனால் ஊருக்குத் திரும்பியதிலிருந்து ஒரு போன்கூட இல்லை. உன் ஆராய்ச்சிக்கூடம் உன்னை விழுங்கிவிட்டதா?

ஒன்று கேட்க வேண்டும். குழந்தையை எங்கே அடக்கம் செய்தார்கள்? அவரிடம் கேட்டால், "ஆஸ்பத்திரியே பாத்துக்கிச்சு" என்று சொல்லிவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டுகிறார். ஆணா பெண்ணா என்றாவது சொல்.

உன் குட்டி

பிப்ரவரி 20

என் குட்டிக்கு,

போன் பண்ணாதது தப்புதான், திட்டிக்கொள். வேலை கழுத்தை நெரிக்கிறது. பிள்ளைகளின் எலும்பு நுனியில் மெல்லிய குருத்தெலும்பு ஒன்று உண்டு. உயரமெல்லாம் அங்கிருந்துதான் வருகிறது. அங்குள்ள செல்களில் எந்த மரபணு எப்போது விழித்து வேலை செய்கிறது, எது தூங்குகிறது என்று பார்க்கிறோம். வளராமல் நின்றுபோகும் பிள்ளைகளுக்கு என்றாவது உதவும்.

ஆஸ்பத்திரி விஷயத்தைக் கிளறாதே. ஆணா பெண்ணா என்று தெரிந்தால் மறக்க முடியாது. மாப்பிள்ளையையும் நச்சரிக்காதே, பாவம்.

அக்கா

மார்ச் 9

அக்கா,

சனிக்கிழமை சொல்லாமல் உன்னைப் பார்க்க வந்தேன். நீ மீட்டிங்கில் இருந்தாய். உன்னிடம் ஆராய்ச்சி செய்யும் பெண் உட்காரவைத்து டீ கொடுத்தாள். உனக்குத் தெரிந்தவள் என்று மட்டும்தான் அவளிடம் சொன்னேன். கணினித் திரையில் கலர் கலராகப் புள்ளிகளைக் காட்டினாள்.

"இது கருவோட முழங்கால் குருத்தெலும்பு. இவ்வளவு சின்னது கிடைக்கிறதே அபூர்வம். தங்கச்சிக்கு முடியலன்னு மேடம் லீவுல போயிருந்தாங்க. அப்பவும் அந்த ஊர் ஆஸ்பத்திரியிலேர்ந்து ஐஸ் பெட்டியில அவங்களே கொண்டுவந்தாங்க. அஞ்சு மாசம். பொண்ணு."

எனக்கு மகள் என்பதை, டீ குடித்துக்கொண்டே, முன்பின் தெரியாத ஒருத்தியிடம் தெரிந்துகொண்டேன்.

வீட்டில் அவரை உட்காரவைத்துக் கேட்டேன். "அக்காதான் கேட்டாங்க. உன்கிட்ட சொன்னா நீ நொறுங்கிடுவேன்னு நானே கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றார்.

என் தலையைத் துவட்டியது அதற்கு முன்பா, பின்பா?

என்னிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. சரி என்றுகூடச் சொல்லியிருக்கலாம். இனிமேல் அதை என்னாலும் கண்டுபிடிக்க முடியாது.

மார்ச் 14

குட்டி,

நீ மயக்கத்தில் இருந்தாய். அந்தச் செல்கள் காத்திருக்காது. உடனே எடுத்து உறையவைக்காவிட்டால் எந்த மரபணு வேலை செய்தது என்ற தடயமே அழிந்துவிடும். உன்னை எழுப்பி எப்படிக் கேட்பேன்?

எலிகளை வைத்து நாங்கள் நினைத்திருந்தது தப்பு என்று உன் மகளிடமிருந்துதான் தெரிந்தது. மனிதரில் ஒரு மரபணு அதைவிட வெகு முன்பே விழித்துக்கொள்கிறது. அவள் வீணாகப் போகவில்லை, குட்டி. கட்டுரையின் நன்றிப் பகுதியில் உன் பெயரைப் போடட்டுமா?

அக்கா

மார்ச் 21

மதிப்பிற்குரிய ஆராய்ச்சியாளர் அவர்களுக்கு,

எனக்கு மயக்கம் தெளிந்த பிறகும் பல நாள் என் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்திருந்தீர்கள். அப்போது சொல்லியிருக்கலாம்.

என் பெயரை எங்கும் போட வேண்டாம். என் மகளில் ஏதாவது மிச்சம் இருந்தால் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் இல்லை என்று எழுதுங்கள். உங்கள் மாப்பிள்ளை இப்போது அவருடைய அண்ணன் வீட்டில் இருக்கிறார்.

இப்படிக்கு,
குழந்தையின் தாய்

ஏப்ரல் 2

குட்டி,

மிச்சம் இல்லை. அரைத்தால்தான் மரபணுக்களைப் படிக்க முடியும். அரைத்தது நான்தான், வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. மற்றதை ஆஸ்பத்திரியில் எரித்துவிட்டார்கள். நீ கேட்ட அன்றே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

திட்டியாவது எழுது. "நீ" என்று திட்டு. அந்த "நீங்கள்" தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தேன். உள்ளே ஃபேன் ஓடும் சத்தம் கேட்டது. உன் செருப்பு வாசலில் இருந்தது. கை வலிக்கும்வரை தட்டினேன். பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "வெளிய எங்கயாவது போயிருப்பாங்கம்மா" என்றார்.

ஆமாம், அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

அக்கா