ஸைரகானின் வியாழக்கிழமைக் கூட்டம்

நாரின், நவம்பர் 14

அன்பு மகள் ஐஸிரெக்குக்கு அப்பா எழுதுவது. அந்த ஊர்க் குளிர் உன்னை ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். இங்கே நான் நலம், உன் அம்மாவைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை. போனில் சொன்னால் அவள் காதில் விழும், அதனால்தான் கடிதம். அடுத்த மாதம் அங்காராவில் மேடையேறி நம் ஊர்ப் பெண்கள் கூட்டத்தைப் பற்றிப் பேசப்போவதாகச் சொன்னாய், அதற்குள் உனக்கு இது தெரிந்தாக வேண்டும். கூட்டம் நின்றுவிட்டது மகளே. நீ சுகாதாரப் படிப்பை முடித்து வந்து, நர்ஸ் ஸைரகானுக்குப் பயிற்சி கொடுத்து, வியாழக்கிழமைதோறும் பெண்களை உட்காரவைத்து மனசில் இருப்பதைப் பேசச் சொன்னபோது, "டீ குடிச்சுப் பேசுறதுக்கு ஒரு பட்டப்படிப்பா" என்று கேலி செய்தவன் நான். ஆனால் உன் தம்பியை ஆறு கொண்டுபோனதிலிருந்து வாய் திறக்காத உன் அம்மா, அங்கேதான் முதல்முதலாக அவன் பெயரைச் சொல்லி அழுதாள். அதற்குப் பிறகு நான் கேலி பேசியதில்லை.

செப்டம்பர் தொடக்கத்தில் ஸைரகானின் ஒரே மகன் எர்மெக் மாஸ்கோவில் கட்டட வேலையின்போது சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோனான். உடல் ஊர் வந்து சேர்ந்ததும் முற்றத்தில் கூடாரம் போட்டு அவனைக் கிடத்தினோம். குதிரை அறுத்து ஊருக்குச் சாப்பாடு போட்டு நாற்பதாம் நாள் காரியம் முடித்த அதே வாரம் ஸைரகான் மறுபடி கூட்டத்தைத் திறந்தாள், யார் தடுத்தும் கேட்கவில்லை. ஒருத்தி, கெட்ட எண்ணத்தில் இல்லை, "எங்களுக்கெல்லாம் மூச்சை இழுத்து விடுன்னு சொல்வியே அக்கா, நீயும் செஞ்சு பாரேன்" என்றாளாம். "நீங்கல்லாம் என்கிட்ட வந்தீங்க, நான் யார்கிட்டடி போவேன்?" என்று கேட்டாளாம் ஸைரகான். ஒருத்தியும் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை, உன் அம்மாவும்தான். மறுநாளே ஸைரகான் கூட்ட அறைச் சாவியை ஊர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு ஓஷ் நகரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள், போன் எடுப்பதில்லை.

அன்றிலிருந்து உன் அம்மா படுக்கையை விட்டு எழவில்லை. மாடு கறப்பதும் ரொட்டி சுடுவதும் நான்தான். "எழுந்து போய் அவ கையையாவது பிடிச்சிருக்கலாம்" என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள். கூட்டத்துப் பெண்களிடம் மனசு எப்படி இருக்கிறது என்று கேட்க நீ விட்டுப்போன கேள்வித்தாளை நேற்று தேடி எடுத்து, எனக்குத் தெரிந்த மாதிரி அவளிடம் ஒவ்வொன்றாக வாசித்தேன். தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா என்று எட்டுக் கேள்வி. ஒன்பதாவது, செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறதா என்பது. அதை வாசிக்காமல் தாளை மடித்தேன். அவள் சுவரைப் பார்த்தபடியே, "ஏன் நிறுத்திட்டீங்க, அதையும் கேளுங்க" என்றாள். அடுப்பில் டீ பொங்குகிறது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. அவள் ஆமாம் என்றால் நான் என்ன செய்ய வேண்டும் என்று அந்தத் தாளில் எங்கே எழுதியிருக்கிறது?

ஆடுகளைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டேன், அவளைத் தனியே விடுவதில்லை. உன் பேச்சைக் கெடுக்க எனக்கு மனமில்லை, ஆனாலும் வா. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் திடமான மனசும் தரட்டும். கணவாயைப் பனி அடைப்பதற்குள் கிளம்பு, மறந்துவிடாதே.

கேட்கத் துணியாத உன் அப்பா,
தொக்தொபெக்