இடது கால் பிரேக்

அக். 5, செவ்வாய்

காலையில் தூறல். ஆஸ்பத்திரி ஓடு இரண்டு இடத்தில் ஒழுகல். மருந்து அலமாரியை நகர்த்தியாயிற்று. கடைவாய்ப் பல் வலி குறையவில்லை. கிராம்பு.

ராசிபுரத்திலிருந்து சேலத்துக்குக் கரி பஸ். பெட்ரோல் பஞ்சத்தில் அடுப்புக்கரிப் புகையில் ஓடுவது. மல்லூர் அருகே மேட்டில் எல்லோரும் இறங்கித் தள்ளினோம். காதர் பாய் ஒர்க் ஷாப்பில் என் மோட்டார் சைக்கிள் பிரித்துப் போட்டபடி கிடக்கிறது. பன்னிரண்டு வருஷமாக அதற்கு வைத்தியர் பாய்தான். கியர் பெட்டியில் இரண்டு பல் போய்விட்டதாம்.

"சாமான் சீமையிலிருந்து வரணும் டாக்டர். சண்டை முடிஞ்சாத்தான் கப்பல். நானே பல்லு வெட்டிப் போட்டுப் பாக்குறேன். ஒரு மாசம் ஆகும்."

வெண்ணந்தூரில் வாந்திபேதி என்று மணியக்காரர் சீட்டு வந்து மூன்று நாள் ஆகிறது. ஒரு மாதம் எப்படிக் காத்திருப்பது? சொன்னேன். பாய் ஒர்க் ஷாப்பில் நின்ற இரண்டு வண்டிகளைக் காட்டி, எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

முதலாவது சைடு கார் வைத்தது. வேகம் கொடுத்தால் இடப்பக்கம் இழுக்கிறது, பிரேக் பிடித்தால் வலப்பக்கம். நேராகப் போவதற்கே இரண்டு கையாலும் மல்லுக்கட்ட வேண்டும். ஒரு சுற்றில் சுவரில் முட்டினேன். பாய் சுவரைத்தான் முதலில் பார்த்தார்.

இரண்டாவது புது மாதிரி வண்டி. அதையே எடுத்துக்கொண்டேன்.

அக். 6, புதன்

வானம் மூட்டம். வெளிநோயாளிகள் குறைவு.

புது வண்டிக்கும் என் வண்டிக்கும் உள்ள வித்தியாசம். மறக்காமலிருக்க எழுதி வைக்கிறேன்.

என்னுடையதில் கியர் கையில், டாங்கிக்குப் பக்கத்தில். இதில் வலது காலில். மேலே தூக்கினால் ஒன்று, கீழே மிதித்தால் இரண்டு, மூன்று, நாலு.

என்னுடையதில் பிரேக் வலது கால். இதில் இடது கால்.

என்னுடையதில் வேகம் கட்டைவிரல் குமிழில். தள்ளிய இடத்தில் நிற்கும். இதில் கைப்பிடியையே முறுக்க வேண்டும். பயந்து இறுகப் பிடித்தால் வேகம் கூடுகிறது. யார் கண்டுபிடித்தார்களோ.

கியர் மாற்ற வலது கை தானாக டாங்கிக்குப் போகிறது. அங்கே ஒன்றுமில்லை. பல் விழுந்த இடத்தை நாக்கு தேடுவது மாதிரி.

மத்தியானம் ஆஸ்பத்திரி முற்றத்தில் இன்ஜினை நிறுத்திவிட்டு வண்டிமேல் உட்கார்ந்து பழகினேன். "இடது கால் பிரேக், இடது கால் பிரேக்." கம்பவுண்டர் நாச்சிமுத்து வாசலில் நின்று பார்த்தார்.

"ஏனுங்க சார், மந்திரமுங்களா?"

சிரித்தேன். நாற்பது வயதில் நடை பழகுகிறேன்.

ஆத்தூர் மாமனார் வீட்டிலிருந்து கமலம் கடிதம். ஏழாம் மாதம். கால் வீக்கம் என்கிறாள். உப்பைக் குறைக்கச் சொல்லி எழுத வேண்டும்.

அக். 8, வெள்ளி

நேற்று முழுக்க மழை. எழுதவில்லை. இன்று வெயில், சேறு.

வெண்ணந்தூருக்கு முதல் தடவை இந்த வண்டியில். கீழே விழவில்லை. ஆனால் வழி நெடுக வாய் ஓயாமல் இடது கால் இடது கால்தான். வயலைப் பார்க்கவில்லை, ஆளைப் பார்க்கவில்லை. என் வண்டியில் போகும்போது நோயாளியைப் பற்றி யோசித்துக்கொண்டு போவேன். இதில் வண்டியைத் தவிர ஒன்றையும் யோசிக்க முடியவில்லை.

நெசவாளர் தெருவில் ஆறு வீட்டில் பேதி. தடுப்பு ஊசி பாதிப் பேர் போட்டுக்கொண்டார்கள். மற்றவர்கள் பின்கட்டு வழியாக ஓட்டம். கிணற்றுக்கு மருந்து போட்டோம்.

கடைசி வீடு அர்த்தனாரி என்பவருடையது. தறி இரண்டு. அவர் மனைவி பாவாயி, தம்பி பழனிவேல், இரண்டு பேருக்கும் இன்று காலையிலிருந்து. தம்பிக்குப் பத்தொன்பது வயது. பாவாயிக்குக் கண் உள்ளே போக ஆரம்பித்துவிட்டது.

"ஊட்டுக்காரிக்கும் தம்பிக்கும் ஒரே நேரத்துல புடிச்சுக்கிச்சுங்க. நான் யாரப் பாக்கறதுன்னே தெரியலீங்க."

ஏற்ற வேண்டிய சலைன் ராசிபுரத்தில் தீர்ந்து மூன்று நாள். நாளைக் காலை நானே சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் எடுத்து வருவதாகச் சொன்னேன். பஸ்ஸை நம்ப முடியாது. நாச்சிமுத்து சைக்கிளில் நேராக வெண்ணந்தூர் போய் அவர்களோடு இருப்பார்.

அக். 9, சனி

அர்த்தனாரி வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். மாலை ஐந்து. கை வலிக்கிறது.

சேலத்தில் எட்டு பாட்டில் கொடுத்தார்கள். வைக்கோல் சுற்றி, மரப்பெட்டியில் அடுக்கி, பின்னால் கட்டினேன். மல்லூர் தாண்டும்வரை நிதானம். அப்புறம் சாலை காலி. வேகம் கொடுத்தேன். பாவாயியின் நாடியைப் பற்றி நினைத்தேன். வண்டியை மறந்தேன். மறந்தது அந்த ஒரு நிமிஷம்தான்.

களத்து மேட்டிலிருந்து மாட்டு வண்டி ஒன்று சாலைக்கு இறங்கிற்று. வலது காலை மிதித்தேன். பன்னிரண்டு வருஷம் மிதித்த கால். மிதிபட்டது கியர். மூன்றிலிருந்து நாலுக்குப் போயிற்று. வண்டி நிற்கவில்லை, துளியும். கையை இறுகப் பிடித்தேன், இன்னும் வேகம். எந்தக் கால் எது என்று தேடிக்கொண்டிருக்கும்போதே ஓரத்துப் பள்ளத்தில் கிடந்தேன்.

வண்டிக்காரர் ஓடிவந்து தூக்கினார். "அடி பட்டுடுச்சுங்களா சாமி?" நான் பெட்டியைத் திறந்தேன். வைக்கோல் நனைந்திருந்தது.

எட்டில் ஐந்து உடைந்துவிட்டது.

உள்ளங்கையில் கிழிசல், முழங்கால் வீக்கம். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே வண்டியில்தான் வந்தேன்.

திரும்பிச் சேலம் போயிருக்கலாமா? வரும் வழியெல்லாம் இதே கேள்வி. வந்து பார்த்தபோது பாவாயிக்கு மணிக்கட்டில் நாடி இல்லை. இனி நான் போய் வரும்வரை தாங்க மாட்டாள். நாச்சிமுத்துவைச் சைக்கிளில் சேலத்துக்கு அனுப்பினேன். அவர் வைக்கோலைப் பார்த்தார். சைக்கிளை எடுத்தார்.

மூன்று பாட்டில். ஒன்றரை ஒன்றரையாகப் பிரித்தால் இரண்டு பேருக்குமே போதாது. பழனிவேலுக்கு நாடி லேசாக இருந்தது. பேசினான். பாவாயிக்கு நரம்பை வெட்டி ஏற்றினேன். ரத்தம் கட்டிய கையால். அர்த்தனாரி பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எதிர்ச் சுவரோரம் படுத்திருந்த பழனிவேல் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு எப்பங்க?"

"அடுத்தது உனக்குத்தான்" என்றேன்.

இரண்டாவதையும் அவளுக்கே ஏற்றினேன். அவன் மறுபடி கேட்கவில்லை. மூன்றாவது இப்போது ஏறிக்கொண்டிருக்கிறது. அவளுக்கு நாடி வந்துவிட்டது. அவனுக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர், இளநீர், ஒவ்வொரு கரண்டியாக. குடித்த அளவுக்கு வாந்தி.

மறுபடி மழை. நாச்சிமுத்து எதுவரை போயிருப்பார்?

அக். 10, ஞாயிறு

பழனிவேல் காலை ஒன்பதுக்குப் போய்விட்டான்.

பத்தரைக்கு நாச்சிமுத்து வந்தார், கரி பஸ்ஸில். சைக்கிள் பஸ்ஸின் மேலே. நாலு பாட்டில், துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு. ஒன்றுகூட உடையவில்லை.

இரவைப் பற்றி எழுத வேண்டாம்.

அக். 13, புதன்

வெயில். பல் வலி நின்றுவிட்டது, எப்போது என்று தெரியவில்லை.

தெருவில் புதிதாக யாருக்கும் இல்லை. இப்போது ஊசிக்கு அவர்களே வரிசையில் நிற்கிறார்கள். பாவாயி எழுந்து உட்கார்ந்தாள். நாச்சிமுத்து கொண்டு வந்த நாலில் இரண்டு அவளுக்குத்தான் ஏறியது.

போகும் வழியில் கோழி குறுக்கே வந்தது. இடது கால் தானாகவே சரியாக மிதித்தது. வண்டி அழகாக நின்றது. இறங்கி, சாலையோரம் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நாச்சிமுத்து: "உங்க வண்டியா இருந்தா உளுந்திருக்க மாட்டீங்க சார்." ஆறுதலாகத்தான் சொன்னார்.

ரிப்போர்ட் எழுதினேன். 'வழியில் சேதம், பாட்டில் ஐந்து.' அதற்கு மேல் அந்தக் கட்டத்தில் எழுத இடமில்லை.

கமலத்துக்குக் கடிதம். மழையைப் பற்றியும் உப்பைப் பற்றியும் மட்டும்.

அக். 17, ஞாயிறு

மேகம் இல்லை. விடுமுறை. ஆனாலும் வெண்ணந்தூர் போனேன்.

பாவாயி சுவரில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தாள், வேண்டாம் என்றேன். "கொளுந்தனத்தான் காப்பாத்த முடியாமப் போச்சுங்க. விதிங்க" என்றாள். பழனிவேலின் தறியில் பாதி நெய்த சேலை அப்படியே இருந்தது.

அர்த்தனாரி ஒரு வேட்டியும் துண்டும் தட்டில் வைத்துக் கொடுத்தார். அவரே நெய்தது. "எங்களால முடிஞ்சது இதுதானுங்க. தெருவுல அத்தன பேரும் உங்களச் சாமின்னுதான் சொல்றாங்க."

வாங்க முடியவில்லை. அவரை வண்டி வரைக்கும் வாருங்கள் என்று வெளியே அழைத்துப் போனேன்.

வேப்பமரத்தடியில் சொன்னேன். எட்டு பாட்டில் எடுத்தேன் என்று. பிரேக் என்று நினைத்து கியரை மிதித்தேன் என்று. ஐந்து உடைந்தது என்று. அது வந்து சேர்ந்திருந்தால் தம்பி பிழைத்திருப்பான் என்றுதான் நினைக்கிறேன் என்றும் சொன்னேன். அவனிடம் பொய் சொன்னதையும்.

அவர் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். குனிந்து, வலது பக்க மிதியைக் கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.

"இதுங்களா?"

"ஆமாம்."

திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை. தட்டு அவர் கையிலேயே இருந்தது. உள்ளே திரும்பி ஒருமுறை பார்த்துவிட்டு மெதுவாகத்தான் பேசினார்.

"அவகிட்டச் சொல்லீராதீங்க. மூணுதான் இருந்துச்சுன்னு தெரிஞ்சா, கொளுந்தன் பங்கையும் நானே வாங்கிப் பொளச்சுட்டேன்னு நெனப்பா. அப்புறம் அவ சோறு திங்க மாட்டாளுங்க."

"சொல்லமாட்டேன்."

"நானுஞ் சொல்லமாட்டனுங்க."

வேட்டியையும் துண்டையும் என் கையில் வைத்தார். வாங்காமல் போனால் அவள் ஏன் என்று கேட்பாளாம்.